செயின் போட்டவனுக்கு லீவு

கழுத்தில் தங்கச் செயின் போட்ட ஆண்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே அப்படி ஒருவர் உட்கார்ந்தால் இலையை விட்டுத் தலையை நிமிர்த்த மாட்டேன். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்கும் செயினுக்கும் சம்பந்தம் இருக்கிறது. செயின் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ராஜபாளையத்தில் ஒரு மில், அந்த மில்லின் முழு நைட் ஷிப்ட், மாசி பங்குனியில் ஊரெல்லாம் சுற்றிய பொன்னுக்கு வீங்கி, மில் கேட்டில் நின்ற ஒரு வாட்ச்மேன் என்று பலபேருக்கு அதில் பங்கு உண்டு. யாரையும் நான் விட்டுவிடப் போவதில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த மில்லில் நான் பதிலி. நிரந்தரத் தொழிலாளி ஒருவன் வராவிட்டால் அவன் இடத்தில் வேலைக்கு ஏறுகிறவன்தான் பதிலி. ஷிப்டுக்கு மில் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து கூட்டத்தைப் பார்ப்பார். "நீ, நீ, அந்தா நிக்கானே அவன்" என்று விரலை நீட்டுவார். விரல் நம் மேல் விழுந்தால் வேலை. விழாவிட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர் அந்த மரியாதையும் தர மாட்டார். நாள் தவறாமல் வந்து நிற்கிறவனுக்குப் பின்னால் நிரந்தரம் கிடைக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பித்தான் நாங்கள் அத்தனை பேரும் நாயாக அங்கே கிடந்தோம்.

எனக்குச் சொந்த ஊர் மம்சாபுரம். இருந்த நிலம் அண்ணன் ஒருவனுக்கே காணாது என்பதால் நான் மில்லுக்கு வந்தேன். அந்த வருஷம் ஆவணியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி சுந்தரபாண்டியத்துப் பெண். பெண் கேட்கப் போனபோது என் அண்ணன் கூசாமல், "தம்பிக்கு மில்லுல வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். பதிலி என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும், "நிரந்தரம் ஆயிட்டா மாப்ளே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் சுந்தரபாண்டியம் போவதைக் குறைத்தேன்.

மில்லில் ஷிப்டுக்கு மூன்று பெயர். பகல் ஷிப்ட். சாயங்காலம் ஏறி நடுச்சாமத்தில் இறங்கினால் அரை நைட். நடுச்சாமத்தில் ஏறி விடிந்து இறங்கினால் முழு நைட். நிரந்தரக்காரர்கள் லீவு போட ஆசைப்படுவது முழு நைட்டுக்குத்தான். ஆகவே பதிலிக்கு விழுவதும் பெரும்பாலும் முழு நைட்டுதான். மற்றவர்களுக்கு வாரம் மாறினால் ஷிப்ட் மாறும். எனக்கு வாரம் மாறினாலும் ராத்திரி மாறாது.

ராத்திரி வேலை பார்க்கிறவன் பகலில் தூங்கிக்கொள்வான் என்று சொல்கிறவர்களை எங்கள் லைன் வீட்டில் ஒரே ஒரு பகல் படுக்க வைக்க வேண்டும். ஏழு வீட்டுக்கும் பொதுச் சுவர். ஒரு வீட்டில் அம்மியில் அரைத்தால் ஏழு வீட்டிலும் மண்டை அதிரும். தண்ணீர் வந்த நாளென்றால் குழாயடியில் குடத்துக்குக் குடம் சண்டை. கோடை வந்தால் ஓடு வழியாக இறங்கும் சூட்டில் பாய் நனைந்துவிடும். கண்ணை மூடினால் காதுக்குள் மெஷின் ஓடும். கண்ணைத் திறந்தால் எதிர்வீட்டு ரேடியோ ஓடும். சாப்பிட வேண்டிய நேரத்தில் பசிக்காது, பசிக்கிற நேரத்தில் மில்லில் இருப்பேன். வயிறு எரியும், கண் எரியும், காரணம் இல்லாமல் மனைவி மேல் எரிந்து விழுவேன். ஊரில் சளி என்றால் முதல் சளி எனக்கு, காய்ச்சல் என்றால் முதல் காய்ச்சல் எனக்கு. வாடகை வாங்கும் எங்கள் வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர். "பகல்ல தூங்குனா சீக்கு வராம என்ன செய்யும் நைனா?" என்று என்னையே குற்றம் சொல்வார். நான் ஏதோ ஆசைப்பட்டுப் பகலில் தூங்குவது மாதிரி.

அந்த வருஷம் மாசியில் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. காதுக்குக் கீழே தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், காய்ச்சலோடு கிடந்தார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பெரிய வைத்தியமெல்லாம் கிடையாது. வீக்கத்தில் நாமக்கட்டியை உரசிப் பூசுவார்கள். கழுத்தில் தங்கச் செயின் போட்டுவிடுவார்கள். தங்கம் பட்டால் வீக்கம் வற்றும் என்று நம்பிக்கை. செயின் இல்லாத வீட்டுக்காரர்கள் இருக்கிற வீட்டில் வாங்கிப் போடுவார்கள். வீட்டுக்காரம்மாவின் ரெட்டை வடச் செயின் அந்த மாதம் ஏழு வீட்டுப் பிள்ளைகளின் கழுத்திலும் மாறி மாறிக் கிடந்தது. ஒரு கழுத்தில் கழற்றி, முந்தானையில் ஒரு துடை துடைத்து, அடுத்த கழுத்தில் மாட்டுவார்கள். பிள்ளைகளுக்கு வந்தால் ஒரு வாரம், போய்விடும். பெரியவர்களுக்கு வரக் கூடாது, அதிலும் ஆம்பிளைக்கு வந்தால் கீழே இறங்கிவிடும் என்று பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

பிள்ளைகளிடமிருந்து அப்பன்மார்களுக்கு வந்தது. அப்பன்மார்கள் அதை மில்லுக்குக் கொண்டுவந்தார்கள். பஞ்சுத் தூசியும் புழுக்கமுமான அந்த இடத்தில், ஒரே பானையில் ஒரே டம்ளரில் மொண்டு குடித்துக்கொண்டு, சத்தத்தில் கேட்காது என்று ஒருத்தன் காதில் ஒருத்தன் வாயை வைத்துப் பேசினால் எது ஒட்டாது? அதிலும் முழு நைட்டில்தான் அதிகம் ஒட்டியது என்பது என் கணிப்பு. பகல் ஷிப்டில் தண்ணீர்ப் பானையைக் கழுவி வைப்பார்கள். முழு நைட்டுக்கு முந்தின ஷிப்ட் குடித்த மிச்சம்தான். தவிர, நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே பாதிச் சீக்காளிகள்.

மில்லில் அப்போது புதிதாக ஒரு லேபர் ஆபீசர் வந்திருந்தார். படித்த மனிதர். நோய் பரவுகிறது, வந்தவர்களை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவு நியாயமானதுதான். அதை நிறைவேற்றும் வேலையை அவர் கேட் வாட்ச்மேனிடம் விட்டார். பட்டாளத்தில் இருந்து வந்த ஆள் அந்த வாட்ச்மேன். நடு ராத்திரி, மங்கலான பல்பு, வருகிறவன் எல்லோர் கழுத்திலும் துண்டு, பாதிப் பேர் முகத்தில் தாடி. எவன் தாடை வீங்கியிருக்கிறது என்று அவர் எப்படிப் பார்ப்பார்? அவர் சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தார். துண்டை விலக்கிக் கழுத்தில் விரலை விட்டுத் தடவுவார். செயின் இருந்தால், "ஒனக்கு வந்திருக்கு, திரும்பிப் போ." இல்லாவிட்டால், "போ உள்ள." அவ்வளவுதான் பரிசோதனை. லேபர் ஆபீசருக்கும் இது தெரியும். நோய் வந்தவன் செயின் போடாமல் இருக்க மாட்டான் என்று அவரும் நம்பினார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்களும் நம்பினோம் என்பதுதான் வேடிக்கை. யாரும் அதை ஒரு கோளாறாக நினைக்கவில்லை.

நிரந்தரக்காரர்கள் மூளை எப்படி வேலை செய்தது என்றால், இரண்டே நாளில் பஜாரில் இருந்த கவரிங் செயின் எல்லாம் விற்றுப்போனது. கல்லுக்குண்டு மாதிரி இருந்தவர்கள் கழுத்தில் செயினை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு தாடையைப் பிடித்தார்கள். வாட்ச்மேன் தடவினார், திருப்பி அனுப்பினார். லீவு ஆயிற்று. வீட்டில் போய் நன்றாகப் படுத்துத் தூங்கினார்கள். நோயில் போன லீவுக்கு யாரும் கோபிக்க மாட்டார்கள், அவர்கள் வேலை எங்கேயும் போகாது. அவர்கள் இடத்துக்கெல்லாம் பதிலி ஏறினான். நான் அரை நைட்டும் முழு நைட்டும் சேர்த்து டபுள் பார்த்தேன். மேஸ்திரி கூட்டத்தைப் பார்த்து விரல் நீட்டுவதையே நிறுத்திவிட்டார். "எல்லாரும் உள்ள வாங்கலே" என்பார். பதிலிகளுக்கு அந்த நோய் வந்த காலம் தீபாவளி. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. நோய் இன்னும் ஒரு மாதம் இருந்தால் நிரந்தரம் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஒருநாள் காலையில் வேலை விட்டு வந்து பழைய சோற்றில் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு வாயில் வைத்தேன். காதுக்குக் கீழே யாரோ கம்பியை விட்டுக் குத்தியது போல இருந்தது. மனைவி பக்கத்தில் வந்து தாடையைத் தொட்டுப் பார்த்தாள். உடனே உள்ளே போனாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, தன் தாலிச் செயினைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டாள். அவள் அம்மா வீட்டில் போட்ட ஒரே செயின் அது. அன்று சாயங்காலத்துக்குள் அடுத்த பக்கமும் வீங்கிவிட்டது.

"இன்னைக்குப் போக வேண்டாம்" என்றாள்.

"போகாம?"

"வீட்டுல கெடங்க. ஒரு வாரத்துல என்ன கொள்ளை போயிரும்?"

"ஒரு வாரம் நிக்காட்டா மேஸ்திரிக்கு என் மூஞ்சி மறந்துரும். ஒங்க அப்பாவுக்கு நீ பதில் சொல்லுதியா?"

அப்பா பேச்சை எடுத்ததும் அவள் வாயை மூடிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அன்று மூடவில்லை. "எங்க அப்பாவுக்கு நான் சொல்லிக்கிடுதேன். ஒங்களுக்கு இறங்கிட்டா யாருக்கு நான் பதில் சொல்ல?" என்றாள். நான் செயினைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டாள். அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கேட்டில் வாட்ச்மேன் துண்டை விலக்கினார். விரல் என் வீக்கத்தின் மேலேயே ஊர்ந்து போயிற்று. உயிர் போகிற வலி. செயின் தட்டுப்படவில்லை. "போ உள்ள" என்றார். எனக்கு முன்னால் நின்ற நிரந்தரக்காரன் ஒருவன் கவரிங் செயினோடு திரும்பிப் போனான். போகிறபோது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தக் கண்ணை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

உள்ளே மேஸ்திரி ஏதோ கேட்டார். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

"என்னலே, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?"

"பல்வலி அண்ணாச்சி" என்றேன், எப்படியோ.

அவர் என் தாடையை ஒரு நிமிஷம் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "பல்வலின்னே வச்சுக்க. ஆள் இல்ல. நீயும் போயிட்டா மெஷின யாரு ஓட்டுவா?" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். அவரை நான் அதற்காக மன்னிக்கவில்லை. வாட்ச்மேனுக்காவது தெரியாது. இவருக்குத் தெரியும்.

நூல் நிறைந்த கட்டைகளை மெஷினிலிருந்து உருவிவிட்டு வெறும் கட்டைகளை மாட்டுவது என் வேலை. குனிந்து குனிந்து எழ வேண்டும். காய்ச்சலோடு சில ராத்திரிகள் குனிந்து எழுந்தேன். பகலில் கொஞ்சமும் தூக்கம் இல்லை. வீட்டில் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தாடை வீக்கம் வற்றத் தொடங்கியது. பார்த்தாயா என்று அவளிடம் சொல்லத்தான் நினைத்தேன். அன்று விடிகாலையில் மெஷினுக்கு நடுவில் இடுப்புக்குக் கீழே வலி பிடித்தது. சங்கு ஊதும் வரை எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. சைக்கிளில் ஏற முடியாமல் தள்ளிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்து வந்தேன். எங்கள் தெரு முனையில் இரண்டு பேர் என் நடையைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். நடையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். ஒரு கம்பவுண்டர் வந்து ஊசி போட்டார். "ஒண்ணுமில்ல, வத்திரும்" என்றார். வற்றியது. வற்றியதைத்தான் குணம் என்று எல்லோரும் நினைத்தோம். அம்மா மம்சாபுரத்திலிருந்து வந்து, செயினைக் கழற்றி வைத்த கதையெல்லாம் கேட்டு, திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். நான் திரும்பவும் கேட்டில் போய் நின்றேன். அந்த வருஷமே என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். நோய்க் காலத்தில் நாள் தவறாமல் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்ததாக மேஸ்திரியே சொன்னார். மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார். என் கையால் நாலு பேருக்குக் கொடுத்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு கொடுத்தேன்.

வருஷங்கள் போயின. எண்பதுகள் முடிந்தும் பிள்ளை இல்லை. குற்றவாளி யார் என்பதில் என் வீட்டாருக்குச் சந்தேகமே வரவில்லை. அம்மா என் மனைவியைக் கோயில் கோயிலாக இழுத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி போட்டாள். யாரோ சொன்ன கசப்பு மருந்தையெல்லாம் கரைத்துக் குடிக்க வைத்தாள். அண்ணன் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, வளையல் தட்டை வாங்கக் கையை நீட்டிய இவளைத் தாண்டித் தட்டு அடுத்தவளுக்குப் போனது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலைமுடியைச் சரிசெய்தாள். அன்றுதான் டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தோம். ராஜபாளையத்தில் போனால் மில்லுக்குத் தெரிந்துவிடும் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம்.

முதலில் அவளைத்தான் சோதித்தார்கள். பல மாதம் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள். பிறகுதான் ஒரு டாக்டருக்கு என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முடிவு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "பெரிய ஆளான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்ததா?" என்பது. "வந்துச்சு. ரெண்டு பக்கமும் இறங்குச்சு. அதோட முழு நைட்டுப் பாத்தாக" என்றாள் மனைவி.

"இனிமேல் பிள்ளை பிறக்க வழி ரொம்பக் குறைவு" என்றார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "அன்னைக்கு வேலைக்குப் போகாம படுத்திருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படிச் சொல்ல முடியாது. படுத்திருந்தா லேசாப் போயிருக்கலாம். படுத்திருந்தாலும் வந்திருக்கலாம். ராத்திரி முழிக்கிற உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், அதனால நோய் ஒட்டுறது சுலபம். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றார்.

நேர்மையான பதில்தான். ஆனால் எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. மில்தான் காரணம் என்று சொல்லியிருந்தால் மில்லைத் திட்டிக்கொண்டு காலத்தைக் கழிப்பேன். விதி என்று சொல்லியிருந்தால் சாமியைத் திட்டிக்கொண்டு கழிப்பேன். இரண்டும் இல்லாமல் நடுவில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து எல்லோரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கவரிங் செயின் போட்டுப் படுத்துத் தூங்கியவர்களுக்கு இரண்டும் மூன்றுமாகப் பிள்ளைகள். சிலரின் பிள்ளைகளுக்கு நானே கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். போய்த் தொலையட்டும்.

டாக்டர் சொன்னதை ஊரில் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். அவள், "செத்த நாள் போகட்டும், நீங்களே இப்பத்தான் கேட்டிருக்கிய" என்றாள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் மம்சாபுரத்திலிருந்து ஆள் வந்தது. அம்மா கூப்பிடுகிறாள், இரண்டு பேரும் வர வேண்டும் என்று. போனோம். அம்மா, அண்ணன், சித்தப்பா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடெல்லாம் போட்டார்கள். கை கழுவியதும் அண்ணன் தொடங்கினான்.

"ஏலே, நாங்க ஒண்ணு முடிவு பண்ணியிருக்கோம். இவ இருந்துட்டுப் போகட்டும். யாரும் வெரட்டல. ஒரு வாரிசுக்காக இன்னொண்ணு கட்டிக்க. பொண்ணு பாத்தாச்சு."

என் மனைவிக்கு முன்னாலேயே சொன்னான். மாட்டை மாற்றுவது மாதிரிச் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். அவள் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"தாராளமாக் கட்டி வைங்கத்த. ரெண்டு வருசம் போனா அவளையும் மலடின்னு நீங்கதான் சொல்லப் போறிய. ஒரு பட்டினிக்கு ரெண்டு பேர் இருப்போம்."

"என்னட்டி பேசுத நீ?" என்று அம்மா எழுந்தாள்.

"அவ சரியாத்தான் பேசுதா. கோளாறு எங்கிட்ட இருக்கும்மா. டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. அன்னைக்குக் கீழ இறங்குச்சே, அதுலதான்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். என் மனைவி பக்கம் திரும்பினாள். "புருசன் செயினக் கழட்டி வச்சுட்டுப் போறான்னா விட்டுட்டா இருந்த? நீ ஒரு பொம்பளையா?" என்றாள். அவ்வளவு நடந்த பிறகும் குற்றம் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கேயே போய்ச் சேர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு.

சித்தப்பா அந்த வீட்டில் நிதானமானவர் என்று பெயரெடுத்தவர். அவர் எல்லோரையும் கையமர்த்தினார். "சரி, ஆனது ஆயிப்போச்சு. இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். ஆம்பிளைக்குக் கொறைன்னு வெளிய தெரிஞ்சா எவனும் மதிக்க மாட்டான். இத்தன வருசமா அவளச் சொல்லிப் பழகியாச்சு. அவளுக்கும் பழகிப்போச்சு. அது அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அண்ணன் தலையாட்டினான். அம்மாவும் ஆட்டினாள். மூன்று பேர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "கிளம்பு" என்றேன் மனைவியிடம். அவள் அதற்கு முன்னாலேயே செருப்பை மாட்டியிருந்தாள். சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ராஜபாளையம் போகும் பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பக்கத்தில் மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்து முடித்தபின் அந்த அம்மா வழக்கமான கேள்விக்கு வந்தாள்.

"பிள்ளைய எம்புட்டு?"

பஸ்ஸில், கல்யாண வீட்டில், குழாயடியில் என்று இந்தக் கேள்வி வராத இடம் கிடையாது. கேட்டதும் என் மனைவி, "இன்னும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அது எனக்கு மனப்பாடம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அன்று அவள் திரும்பவில்லை.

"பிள்ளை இல்லக்கா. அவியளுக்குப் பொறக்காது" என்று என் பக்கம் தாடையால் காட்டினாள்.

குரலைத் தாழ்த்தவில்லை. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் பார்வை கீழே இறங்கிச் சட்டென்று முருங்கைக்காய்க் கட்டுக்குப் போய்விட்டது. யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று பஸ்ஸே காத்துக்கொண்டிருந்தது.

"ஆமா, எனக்குத்தான்" என்றேன்.

முகமெல்லாம் எரிந்தது. காது மடல்கூடச் சுட்டது. ராஜபாளையம் வரும்வரை ஒருவரும் எங்களிடம் பேசவில்லை, ஆனால் அத்தனை பேரும் மாறி மாறி என்னையே பார்த்தார்கள். எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இது ஒரு பஸ். அவளுக்கு இத்தனை வருஷமும், போன இடமெல்லாம்.